கேட்டறியும் ஆராய்ச்சியும் வீட்டுக்குச் செல்லும் மருந்தும்

மக்கள் அறியும் செய்திகளுள் எண்ணி அறிவன ஒருவகை. கேட்டு அறிவன மற்றொருவகை. ஓர் ஊரில் எத்தனை பேர் பிணியுற்றனர், அவருள் எத்தனை பேர் பிழைத்தனர் என்பவற்றை எண்ணி அறியலாம். ஆனால் ஒருவன் தான் உண்டுவந்த மருந்தை நடுவில் ஏன் நிறுத்தினான், நிறுத்தியவன் மீண்டும் ஏன் வந்தான், வந்தவனை அவன் இல்லத்தார் எங்ஙனம் ஏற்றனர் என்பன எண்ணுக்கு அகப்படா. அவனையும் அவன் இல்லத்தாரையும் கேட்டே அறிதல் வேண்டும். இவ்விரண்டாம் வகையை இக்காலத்தார் பண்புசார் ஆராய்ச்சி என்று வழங்குவர். எண்ணில் பிழை நேர்ந்தால் மீண்டும் கூட்டிப் பார்த்துத் திருத்தலாம். கேள்வியில் பிழை நேர்ந்தால் அதனைக் காண்பது எங்ஙனம்? இவ்வினாவை, அபினிப் பிணியாளர் தம் இல்லத்துக்கு எடுத்துச் செல்லும் மருந்து என்னும் ஒரு பொருளின்மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பிணியின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். கசகசாச் செடியின் பசுங்காயைக் கீற வடியும் பாலே அபினி. அதனினின்று மார்பினும், மார்பினைத் திரித்து ஹெராயினும் செய்யப்பெறுகின்றன. டிராமடால், டபென்டடால் முதலிய செயற்கை வலிபோக்கிகளும் இக்குடும்பத்தோடு உறவுடையன. இவற்றை இடைவிடாது உட்கொள்வோனுடைய உடல் நாளடைவில் அவற்றுக்குப் பழகிவிடுகின்றது. முன்பு இன்பம் தந்த அளவு பின்பு போதாதாகின்றது; நிறுத்தினாலோ மூக்கில் நீர் வடிதல், கொட்டாவி, தசைவலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை வந்து வருத்துகின்றன. இன்பத்துக்காக உண்டவன், துன்பம் நீங்குவதற்காக உண்பவன் ஆகின்றான். சில வாரம் நிறுத்தியிருந்து, பழைய அளவையே மீண்டும் உட்கொள்வானாயின், பழக்கம் குறைந்த உடல் அதனைத் தாங்காது மூச்சடங்கி இறத்தலும் உண்டு. ஆதலின், மனவுறுதியொன்றே இதற்கு மருந்தாகும் என்று கூறுவது பொருந்தாது.

நம் நாட்டில் இப்பிணியின் பரப்புச் சிறிதன்று. நடுவண் அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக, அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த தேசியப் போதை மருத்துவ மையம் நாடெங்கும் நடத்திய கணக்கெடுப்பு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 10 முதல் 75 வயது வரையுள்ள மக்களுள் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் அபினிச்சார்பான பொருள்களை உட்கொள்வோர் என்றும், அவருள் ஏறத்தாழ 77 லட்சம் பேர் உதவி வேண்டும் நிலையில் உள்ளனர் என்றும் அஃது மதிப்பிட்டது.

இதற்குரிய மருத்துவம் யாது? 1965ஆம் ஆண்டில், நியூயார்க்கு நகரத்து மருத்துவர்களான வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் இருவர், ஹெராயினுக்கு ஆட்பட்டோர்க்கு மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் கொடுத்து அவர்தம் வாழ்க்கையை நிலைப்படுத்தலாம் என்று எழுதினர். பின்னர்ப் புப்ரெனார்ஃபின் என்னும் மற்றொரு மருந்து வந்தது. இவையும் அபினிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆயினும், மெல்லெனத் தொடங்கி நெடுநேரம் நின்று, உடலின் வேட்கையைத் தணித்து, வெறியூட்டாது வைப்பதே இவற்றின் தொழில். நீரிழிவுடையான் நாள்தோறும் மருந்து கொள்வதுபோல் இவனும் கொள்கின்றான். 2005ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இவ்விரண்டனையும் இன்றியமையா மருந்துகளின் வரிசையில் சேர்த்தது.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, ஊசிவழிப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோர்க்கு இம்மருத்துவத்தை 2007ஆம் ஆண்டு முதல் தன் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அங்குப் பொதுவிதி யாதெனின், நோயாளர் நாள்தோறும் மையத்துக்கு வருதல் வேண்டும். செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாவின்கீழ் இடுவர். அது கரையுமளவும் அவர் கண்முன் அமர்ந்திருத்தல் வேண்டும். பஞ்சாப் மாநில அரசு 2017ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் புறநோயாளர் மருந்தகங்களைத் தொடங்கிற்று. பின்னர் அவை ஐந்நூறுக்கும் மேற்பட்டனவாகப் பெருகின. அங்கு வழங்கப்பெறுவது புப்ரெனார்ஃபினோடு நலாக்சோன் கலந்த மாத்திரை. நாவின்கீழ் வைத்தால் நலாக்சோன் பெரும்பாலும் உடலிற் சேராது. அதனையே கரைத்து ஊசிவழி ஏற்றினால் அஃது எழுந்து அபினியின் செயலைத் தடுக்கும். மருந்தைத் திரித்துப் பயன்படுத்துவார்க்கு இது ஒரு தடை. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவி, ஊரடங்கு வந்தபொழுது, நாள்தோறும் வருதல் இயலாதாயிற்று. நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பல நாளைக்குரிய மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப இசைவளித்தனர். அமெரிக்க நாட்டில், நிலைப்பட்ட நோயாளர்க்கு 28 நாள் வரையிலும் ஏனையோர்க்கு 14 நாள் வரையிலும் மெதடோனைக் கொடுக்கலாம் என்றனர். 2024ஆம் ஆண்டில் விதியைத் திருத்தி அத்தளர்ச்சியை நிலைபெறுத்தினர்.

இவ்விடத்தேதான் வழக்கு எழுகின்றது. வீட்டுக்கு மருந்து கொடுப்பதை வேண்டுவோர், கூலி வேலை செய்வோன் நாள்தோறும் மருந்தகத்தின் வாயிலில் நின்றால் அவன் கூலி போம் என்பர். ஊரார் கண்ணில் பட்டு நாண நேரும் என்பர். வழிச்செலவு தாளாமல் மருந்தையே கைவிடுவான் என்பர். மறுப்போர், அம்மருந்து விலைக்குப் போம் என்பர். குழந்தை எடுத்து விழுங்கினால் என்னாகும் என்பர். பின்னதும் வீண் அச்சமன்று. வயது வந்தோன் ஒருவனுக்குரிய ஒருநாள் மெதடோன், பழக்கமில்லாத ஒரு குழந்தையின் உயிரைப் போக்கவல்லது. நம் சென்னையிலேயே 1990களில் புப்ரெனார்ஃபினை ஊசிவழி ஏற்றிக்கொண்டோர் பலர் இருந்தனர். அந்நகரத்து ஊசிவழிப் பழக்கத்தைப் பற்றி மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோர் நடத்திய விரைவு ஆய்வு 2000ஆம் ஆண்டில் அச்சேறியது. மருந்தே நஞ்சாகத் திரிந்ததைக் கண்ட ஊர் அஞ்சுதல் இயல்பே.

இவ்வழக்கைத் தீர்க்க எண் மட்டும் போதுமோ? எத்தனை பேர் தொடர்ந்து வந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்பதை எண் காட்டும். அது மிகவும் இன்றியமையாதது. ஆனால், கொடுத்த மாத்திரை வீட்டில் எங்கு வைக்கப்பெறுகின்றது, அதனை யார் காக்கின்றனர், அயலான் கேட்டால் மறுக்க முடிகின்றதா, நாள்தோறும் செவிலியர் முகத்தைக் காணாமை ஒருவனுக்கு விடுதலையாகத் தோன்றுகின்றதா அன்றித் தனிமையாகத் தோன்றுகின்றதா என்பவற்றை எண் காட்டாது. ஆதலின் ஆராய்ச்சியாளர் நோயாளரை அமர்த்திப் பேசவைக்கின்றனர். அப்பேச்சை எழுதி, ஒத்தவற்றை ஒருங்கு சேர்த்து, அதனினின்று கருத்துகளை எடுக்கின்றனர். அக்கருத்துகளைக் கொண்டு அதிகாரிகள் விதி செய்கின்றனர். தவறான ஆராய்ச்சியை நம்பி மருந்தை நிறுத்தினால் ஒருவன் தெருவுக்குத் திரும்பி இறப்பான். தவறான ஆராய்ச்சியை நம்பி மருந்தை வரையாது கொடுத்தால் மற்றொருவன் இல்லத்தில் குழந்தை இறக்கும். இத்தகைய ஆராய்ச்சியின் தரத்தை ஆராய்தல் புலவரின் பொழுதுபோக்கன்று என்பது இதனால் விளங்கும்.

வாய்மொழிச் சான்றை மலைபோல் குவித்தாலும் அது தானே உண்மையாகிவிடாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே, அதுவும் இவ்வபினியைப் பற்றியே, ஒரு பெருஞ் சான்று உண்டு. 1893ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அபினிபற்றி ஆராய்வதற்கு ஓர் அரச ஆணையம் அமைத்தது. பிராஸி பிரபு அதற்குத் தலைவர். தர்பங்கா மகாராஜாவும் ஹரிதாஸ் விஹாரிதாஸ் என்பவரும் அதில் அமர்ந்த இந்தியர். எழுநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளை அவ்வாணையம் கேட்டது. பல பெருந்தொகுதிகளாக அச்சாற்றுகள் வெளிவந்தன. மருத்துவர், அதிகாரிகள், நிலக்கிழார், வணிகர், கிறிஸ்தவ மிஷனெரிமார் எனப் பலரும் சாட்சி கூறினர். 1895ஆம் ஆண்டில் வெளியான முடிவோ, அபினியின் தீமை பெரிதாகச் சொல்லப்படுகின்றது. அதனைத் தடுக்க வேண்டுவதில்லை என்னும் போக்கில் அமைந்தது. உறுப்பினருள் ஒருவராகிய ஹென்றி வில்ஸன் அதற்கு உடன்படாது தம் மறுப்பைத் தனியே எழுதினார். சாட்சிகளைத் தேடிக் கொணர்வதில் அபினி வருவாயை நம்பியிருந்த அரசின் அதிகாரிகளே கைவைத்தனர் என்பது அவர் குறையின் சாரம். ஜோஷுவா ரௌன்ட்ரீ என்பவர் அச்சான்றுகளையே மீண்டும் ஆராய்ந்து அவ்வாண்டிலேயே ஒரு நூல் எழுதினார். அபினிக்கு எதிராகப் பேசிய மிஷனெரிமார்க்கும் ஒரு சார்பு உண்டென்பதை நாம் மறத்தலாகாது. யார் பேசினர் என்பதோடு, யார் அவர்களைப் பேச அழைத்தார் என்பதையும் கேட்டல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

ஆராய்ச்சியின் குணகுற்றங்களை வகுத்தறியும் முயற்சி இக்காலத்தில் மிகுந்துள்ளது. 1985ஆம் ஆண்டில் லிங்கன், கூபா என்னும் அமெரிக்கர் இருவர் பண்புசார் ஆராய்ச்சிக்கு நான்கு இலக்கணங்கள் வகுத்தனர். கூறியது கேட்கப்பட்டோர் வாழ்க்கைக்கு ஒத்திருத்தல் ஒன்று. பிறவிடத்துக்குப் பொருத்திப் பார்ப்பதற்கு வேண்டிய விவரம் தந்திருத்தல் இரண்டு. செய்த முறை தடம் தெரியுமாறு அமைந்திருத்தல் மூன்று. முடிவுகள் ஆராய்ச்சியாளன் விருப்பினின்று பிறவாது சான்றினின்று பிறந்திருத்தல் நான்கு. ஆக்ஸ்போர்டில் தோன்றிய ஒரு பயிற்சித் திட்டத்தார் பத்து வினாக்களைத் தொகுத்தளித்தனர். 2007ஆம் ஆண்டில் ஆலிசன் டாங் முதலிய மூவர், நேர்காணல் ஆராய்ச்சி எழுதுவோர் கூறவேண்டிய முப்பத்திரண்டு செய்திகளை நிரல்படுத்தினர்: ஆராய்ச்சியாளரைப் பற்றி எட்டு, ஆராய்ச்சியின் அமைப்பைப் பற்றிப் பதினைந்து, முடிவுகளைப் பற்றி ஒன்பது.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வெண்கள் வியப்பைத் தரா. நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்தழகும் முப்பத்திரண்டு உத்தியும் நன்னூலார் வகுத்துள்ளார். எண் ஒத்திருத்தல் தற்செயலேயாம். அதனைக் கொண்டு நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் நகைப்புக்கிடமாகும். ஆயினும் கருத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. சிறப்புப்பாயிரம் என்பது நூலை ஆக்கியோன் யார், அது வந்த வழி யாது, வழங்கும் எல்லை யாது, நுதலிய பொருள் யாது, கேட்டற்குரியார் யார், பயன் யாது என்பவற்றை முன்னரே கூறுவது. காலமும் களமும் காரணமும் கூட்டிக் கூறுவாரும் உளர். பாயிரமில்லாத நூலை நம்மவர் ஏற்றிலர். நேர்காணல் ஆராய்ச்சிக்கும் பாயிரம் வேண்டும் என்பதே அம்முப்பத்திரண்டின் உட்கிடை. யார் கேட்டார், எங்குக் கேட்டார், எப்பொழுது கேட்டார், உடனிருந்தவர் யார், ஏன் கேட்டார் என்பவை தெரியாதபொழுது, சொல்லப்பட்டது எத்துணை இனிதாயினும் அதன் எடையை நாம் அறிதல் அரிது.

இனி, வீட்டுக்குச் செல்லும் மருந்தைப்பற்றிய ஓர் ஆராய்ச்சி நம் கைக்கு வருமாயின் கேட்கவேண்டிய வினாக்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வினா: யாரைக் கேட்டனர்? நம் திருவண்ணாமலைக்கு ஓர் அயலூரார் வந்து, இவ்வூரின் இயல்பை அறிய விரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பௌர்ணமி நாளில் கிழக்கு இராசகோபுரத்தின் எதிரே நின்று வருவோரைக் கேட்பாராயின், இவ்வூரார் அனைவரும் வெளியூரினின்று வந்தவர், செருப்பின்றி நடப்பவர், இரவில் உறங்காதவர் என்று எழுதிவிடுவார். அவர் கேட்டவர்களுள் ஒருவரும் பொய் சொல்லியிலர்; முடிவு மட்டும் பொய். மருந்தகத்தில் வரிசையில் நிற்போரை மட்டும் கேட்கும் ஆராய்ச்சியும் இத்தகையதே. அங்கு நிற்போர் மருத்துவத்தில் நிலைத்தவர். நாள்தோறும் வர இயலாது நின்றுவிட்டவனும், மருந்தை விற்றதனால் நீக்கப்பட்டவனும், இறந்தவனும் அவ்வரிசையில் இரார். நம் மாவட்டத்திலேயே ஆரணி, திருவண்ணாமலையினின்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் சிற்றூர்களுக்குப் பேருந்து சிலவே. மாவட்டத் தலைநகரில் மட்டும் ஒரு மருந்தகம் இருக்குமாயின், ஆரணித் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளனும் மலைமேல் வாழ்வோனும் அதன் வாயிலில் காணப்படார். வீட்டுக்கு மருந்து வேண்டுமா வேண்டாவா என்னும் வினாவுக்கு விடை கூற மிகவும் தகுதியுடையவர் அவர்களே. ஆதலின், வாராதவரைத் தேடிச் சென்ற ஆராய்ச்சியே இப்பொருளில் சிறந்தது. மகளிரும் அங்ஙனமே. அவர் இப்பிணியுற்றால் மறைந்து வாழ்வர். பிணியுற்றோர் ஆடவராயின், மாத்திரையைப் பூட்டி வைக்கும் பொறுப்புப் பெரும்பாலும் மகளிர் தலைமேல் விழும். இல்லாளைக் கேளாமல் இல்லத்து மருந்தைப்பற்றி எழுதுதல் எங்ஙனம்?

இரண்டாம் வினா: யார், எங்கிருந்து கேட்டனர்? மருந்து கொடுக்கும் கையே வினாவும் எழுப்புமாயின், விடை நன்றியாக வருமேயன்றி உண்மையாக வருதல் ஐயத்துக்குரியது. ‘உமக்குக் கொடுத்த மருந்தை எவர்க்கேனும் விற்றீரோ?’ என்று மருந்தகத்தில், ஊழியர் கேட்க, ‘ஆம்’ என்று யார் கூறுவர்? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில் அவ்விடை குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும் முடியலாம். ஆதலின், ஒருவரும் விற்றதாகக் கூறிற்றிலர் என்று ஓர் ஆராய்ச்சி முடிவு கூறுமாயின், விற்பனை நிகழவில்லை என்பதற்கு அது சான்றாகாது. கேட்ட முறை நம்பிக்கை ஊட்டவில்லை என்பதற்கே சான்றாகலாம். கேட்போர் தம் சார்பினைத் தாமே ஆராய்ந்து கூறுதல் இதனால் வேண்டப்படுகின்றது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதனைச் சுற்றுவோர் அண்ணாமலை ஓரோர் இடத்தில் ஓரோர் வடிவாகத் தோன்றக் காண்பர். மலை மாறுவதில்லை, நிற்கும் இடம் மாறுகின்றது. ‘யான் இவ்விடத்தினின்று கண்டேன்’ என்று கூறுவோன் சொல்லை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். நின்ற இடத்தை மறைத்து, மலை இவ்வடிவினதே என்பானை நம்புதல் கூடாது.

மூன்றாம் வினா: எம்மொழியில் கேட்டனர், எம்மொழியில் எழுதினர்? இவ்வினா மருத்துவர்க்குச் சிறிதாகத் தோன்றலாம். தமிழ் மாணவர்க்கு இதுவே பெரிது. ‘அடிமை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கோயிலின் முன் நின்று ஒருவன் ‘யான் இறைவனுக்கு அடிமை’ என்றால் அது பெருமை. அதே தெருவில் வேறொருவனை ‘போதைக்கு அடிமை’ என்றால் அது வசை. வினாவிலேயே அச்சொல்லை வைத்துத் தொடங்கினால், அவன் வாய் திறக்குமுன்னரே தீர்ப்புக் கூறியாயிற்று. ‘மருந்து’ என்னும் சொல்லும் அத்தகையதே. நம் சிற்றூர்களில் ‘அவன் மருந்து குடித்துவிட்டான்’ என்றால் நஞ்சுண்டான் என்பது பொருள். ‘மருந்து வைத்துவிட்டாள்’ என்றால் வசியம் செய்தாள் என்பது பொருள். ‘வீட்டில் மருந்து வைத்திருக்க அச்சமுண்டா?’ என்று ஒரு தாயைக் கேட்டால், அவள் எம்மருந்தை நினைத்து விடை கூறினாள் என்பதை யார் அறிவார்? பஞ்சாபில், போதை நின்றபொழுது உடல்படும் பாட்டினைத் ‘தோட்’ என்பர். முறிவு என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அதனை எழுதுவோர் நிறுத்தத்தால் வரும் அறிகுறிகள் என்று எழுதிச் செல்வர். உடல் முறிகின்றது என்று ஒருவன் கூறியது, அட்டவணையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகின்றது. ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் காண்போர், ஓரெழுத்து மாறினும் பொருள் மாறுவதை அறிவர். மக்கள் வாய்மொழிக்கும் அத்துணைக் கவனம் உரியது. மூலச்சொல்லைக் காத்து, பெயர்த்தவர் யார் என்பதையும் கூறும் ஆராய்ச்சி, அங்ஙனம் கூறாததினும் உயர்ந்தது.

நான்காம் வினா: கேட்டவற்றினின்று முடிவுக்கு எவ்வழி வந்தனர்? தாம் முன்னரே கொண்ட கருத்துக்கு இசைந்த நான்கு வாக்குகளைப் பொறுக்கி எடுத்துக் கோத்துவிடுதல் எளிது. இதற்கு மாறான நெறியை, இப்பிணியைப் பற்றியே ஆராய்ந்த ஆல்பிரெட் லின்டெஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். அபினிக்கு ஆட்பட்டோர் பலரை நேரிற் கண்டு பேசி, 1947ஆம் ஆண்டில் அவர் தம் நூலை வெளியிட்டார். மருந்தின் சேர்க்கையால் மட்டும் ஒருவன் ஆட்படுவதில்லை. தான் படும் துன்பம் மருந்தில்லாமையால் வந்தது என்று உணர்ந்து, அத்துன்பத்தைப் போக்குதற்கென்றே மீண்டும் உட்கொள்ளும்பொழுது ஆட்படுகின்றான் என்பது அவர் துணிபு. அத்துணிபினும் அதற்கு அவர் வந்த வழி பெரிது. தம் கொள்கைக்கு ஒத்த நூறு பேரைத் தேடாமல், அதனைப் பொய்யாக்கும் ஒருவனை அவர் தேடினார். அத்தகையவன் கிடைத்தபொழுதெல்லாம் கொள்கையைத் திருத்தினார். வீட்டுக்குக் கொடுத்த மருந்தால் நன்மையே விளைந்தது என்று ஓர் ஆராய்ச்சி கூறுமாயின், தீமை விளைந்த ஓரிடத்தையேனும் அது தேடிற்றா, கண்டதை மறையாது கூறிற்றா என்று நாம் கேட்டல் வேண்டும். எல்லாரும் ஒரேவகையாகப் பேசினர் என்னும் ஆராய்ச்சி என்னை ஐயுற வைக்கின்றது. ஒரு குடும்பத்தில் நால்வர் ஒன்றைப்பற்றி ஒரேவகையாகப் பேசுதல் அரிதன்றோ?

இங்கு, எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்னும் ஐயம் எழும். எண்சார் ஆராய்ச்சியின் கோலைக்கொண்டு இதனை அளப்போர், இருபது பேரைக் கேட்டு நாட்டுக்கு விதி செய்யலாகுமா என்று எள்ளுவர். புதியவரைக் கேட்டும் புதிய கருத்து எழாத நிறைவுநிலை ஒன்று உண்டென்று, 1967ஆம் ஆண்டில் கிளேஸர், ஸ்ட்ராஸ் என்பார் காட்டிய நெறியினின்று விடை கூறுவர். அவ்விடை ஓரளவு பொருந்தும். ஆனால் ஒருவகையினரையே கேட்டுக்கொண்டிருந்தால் நிறைவுநிலை விரைவில் வந்துவிடும். வடக்கு அம்மணியம்மன் கோபுரத்தின் வாயிலில் மட்டும் நிற்பவனுக்கு, தெற்கே திருமஞ்சன கோபுரத்தில் நிகழ்வது எத்தனை நாள் நின்றாலும் தெரியாது. ஆதலின் எத்தனை பேர் என்பதினும் எத்தனை வகையினர் என்பதே தக்க வினாவாகும்.

ஐந்தாம் வினா அறத்தைப் பற்றியது. பெயரை மறைத்தோம் என்று கூறிவிட்டால் போதாது. ‘இன்ன கோபுரத்தருகே முடிதிருத்தும் முப்பது வயதினன்’ என்று எழுதினால் இவ்வூரில் அவனை அறியாதார் யார்? சிற்றூர்களிலும் கோயிலூர்களிலும் தொழிலும் தெருவுமே பெயராகும். மறுத்தால் மருந்து நின்றுவிடுமோ என்னும் அச்சமின்றி அவன் இசைந்தானா என்பதும் ஆராயத்தக்கது. அறத்தில் வழுவிய ஆராய்ச்சி உண்மையிலும் வழுவும். ஏனெனின் அஞ்சியவன் சொல் முழுச்சொல் ஆகாது.

இங்ஙனம் தனித்தனி ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கிய பின்னர், பலவற்றையும் ஒருங்கு வைத்து ஒரு முடிவை எத்துணை நம்பலாம் என்று காண்பதற்கு, 2015ஆம் ஆண்டில் சைமன் லெவின் முதலியோர் ஒரு முறை வெளியிட்டனர். அது நான்கனைக் கேட்கும்: முறையில் குறை உண்டா, சான்றும் முடிவும் இசைகின்றனவா, சான்று போதியதா, நம் வினாவுக்கு உரியதா. இவற்றுக்கேற்ப நம்பிக்கையை மிகுதி, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நால்வகைப்படுத்தும். ‘வீட்டுக்கு மருந்து கொடுத்தால் நோயாளர் தம் தொழிலை விடாது செய்கின்றனர்’ என்னும் முடிவை இதனால் நிறுத்துப் பார்ப்போம். பல நாட்டு நோயாளரும் தத்தம் சொற்களில் இதனையே கூறியிருப்பின் இசைவு உண்டு, சான்றும் போதும். கேட்கப்பட்டோர் மருத்துவத்தில் நிலைத்தவர் மட்டுமாயின் முறையில் குறை உண்டு. அவர் அனைவரும் வேறு நாட்டில், தனியறையில், பூட்டுடைய பெட்டியோடு வாழ்வோராயின், ஓரறைக் குடிசையில் ஐவர் உறங்கும் நம் நாட்டு இல்லத்துக்கு அஃது உரியதா என்பது ஐயமே. ஆகவே அம்முடிவை நடுத்தர நம்பிக்கையோடு கொள்ளலாம். ‘வீட்டில் மருந்து இடர் செய்யாது’ என்னும் வேறொரு முடிவை அதனோடு ஒட்டிக் கொள்ளலாகாது. முன்னது தொழிலைப் பற்றியது. பின்னது பாதுகாப்பைப் பற்றியது. ஒன்றற்குரிய சான்றை மற்றொன்றுக்கு ஏற்றுதல் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

இவ்வினாக்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியிட்டுக் கூட்டி மதிப்பெண் வழங்கிவிடலாமோ எனின், ஆகாது. குற்றம் பத்தும் நீங்கிய நூல் நல்ல நூலாகவே அமைதல் வேண்டும் என்னும் நியதியில்லை. அங்ஙனமே, முப்பத்திரண்டு செய்தியும் ஒழுங்குறக் கூறி, ஒரு மனிதனையும் நமக்குக் காட்டாத ஆராய்ச்சிகள் உண்டு. சில குறைகளோடு, அதுவரை எவரும் கேளாத ஒரு குரலைக் கேட்பித்த ஆராய்ச்சிகளும் உண்டு. குறை யாது என்பதோடு, அக்குறை இம்முடிவைக் கெடுக்கின்றதா என்பதையும் நோக்குதலே சீர்தூக்கும் முறையாகும். மற்றொரு பிழையும் விலக்கத்தக்கது. துன்புற்றோர் பேச்சாதலின் அதனை ஆராய்தல் இரக்கமின்மை என்று சிலர் கருதுவர். அவர் சொல்லை ஆராயாது ஏற்றல் அவரைச் சிறுவராக நடத்துதலாகும். அவர் சொல்லை எடைபோட்டு, எடையுள்ளதென்று கண்டு, அவையின் முன் வைத்தலே அவர்க்குச் செய்யும் மதிப்பு.

தோழர்களே! நம்முள் மருத்துவர் ஆகப்போகின்றவர் சிலரே. ஆனால் ஆட்சிப் பணியில் அமர்வோர், செய்தித்தாளுக்கு எழுதுவோர், பிறர் வாய்மொழியைப் பெயர்த்துத் தருவோர் நம்முள் பலர் ஆவர். போதைக்கு ஆட்பட்டோர் என்று ஊரார் ஒதுக்கிய மக்களைப் பற்றிய ஓர் அறிக்கை ஒருநாள் நம் கைக்கு வரலாம். அன்று, அதன் முடிவைப் படிக்குமுன் அதன் பாயிரத்தைப் படிப்போமாக. யாரைக் கேட்டனர், யாரைக் கேட்டிலர், யார் கேட்டனர், எச்சொல்லால் கேட்டனர், மாறுபட்ட சொல்லை என் செய்தனர் என்று வினவுவோமாக. ஏழு நாள் மருந்தைக் கையிற் பெற்று இல்லம் திரும்பும் ஒருவனை நம்பலாமா என்னும் கேள்விக்கு, அவனையும் அவன் இல்லத்தாரையும் நேர்மையாகக் கேட்டறிந்த பின்னரே விடை கூறுதல் நேரிதாகும்.